ஷெட் நாலில் திறக்காத ஜன்னல்

வரும் அக்டோபர் பதினெட்டாம் தேதி வினோதாவுக்கு நாற்பது வயது நிறைகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர், ஜூலை மாதம் கேட்டருகே ஒரு தாளை ஒட்டினார். நாற்பது தாண்டியவர்களுக்கு இனிமேல் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்றது அந்தத் தாள். கீழே கையெழுத்து இல்லை. இப்படிப்பட்ட தாள்களில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

பத்தொன்பது வருடங்களாக அதே கேட்டுக்குள் வந்து போகிறாள் வினோதா. மீஞ்சூரில் காலை ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஏழு ஐம்பதுக்குக் கார்டு தேய்ப்பாள். வேலை, அச்சுகளுக்கு பாலிஷ் போடுவது. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுகிற இரும்பு அச்சின் உள்முகத்தை மூங்கில் குச்சியாலும் வைரப் பசையாலும் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். அதில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் வெளியே வருகிற ஒவ்வொரு பக்கெட்டிலும் அந்தக் கீறல் இருக்கும். கம்பெனியில் இந்த வேலை சுத்தமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார்.

அவளுடைய வாரம் சனிக்கிழமை தொடங்கும். காரணம், வெள்ளிக்கிழமை பூஜை. வெள்ளிதோறும் காலை எட்டரைக்கு எல்லா மெஷின்களுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பொட்டு வைக்கிற ஆபீஸ் ஆட்களுக்கு மெஷினில் எது முகம், எது வாய் என்று தெரியாது. கைக்கு எட்டின இடத்தில் அப்பிவிட்டுப் போவார்கள். அது அச்சின் விளிம்பில் விழுந்து காய்ந்து, மறுநாள் வருகிற வெள்ளை டப்பாவில் மஞ்சள் புள்ளியாக நிற்கும். சனிக்கிழமை காலை வினோதாவின் முதல் வேலை வெள்ளிக்கிழமையைத் துடைப்பதுதான். பத்தொன்பது வருடங்களில் ஒருநாளும் அவள் இதைப் பற்றி யாரிடமும் முறையிட்டதில்லை. துடைத்துவிட்டு, மனதுக்குள் எல்லோரையும் மாட்டுக்குச் சமமாக வைத்துக்கொள்வாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

விமானம் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு.

கம்பெனி முதலாளி ஜனார்தனன் திருவள்ளூர்க்காரர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். இவர் மட்டும் பக்கெட் செய்யப் போனார். வடக்கே ஒரு ஃப்ளையிங் கிளப் மூடியபோது, அறுபதுகளில் செய்த, இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து ஷெட் நாலில் நிறுத்தினார். அதைப் பழுது பார்த்து, தமது அறுபதாம் கல்யாணத்துக்கு முன் ஒருமுறையாவது அதில் ஏறி வானத்தில் ஒரு சுற்று வரவேண்டும் என்பது அவர் ஆசை. ஓட்டப்போவது பைலட்தான். இவர் பக்கத்தில் உட்காருவார். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் கம்பெனியில் அதைப் பற்றிப் பேசும்போது மேனேஜர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

லைசென்ஸ் பெற்ற விமானப் பொறியாளர் யேசுதாஸ், ரிடையரானவர், மாதம் ஒருமுறை வந்து வேலையை மேற்பார்வை பார்ப்பார். இஞ்சின், இறக்கை, சக்கரம் எல்லாம் அவர் சொன்னபடி ஆனது. கடைசியாக அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினேழாவது வரி மட்டும் நின்றுவிட்டது: இரண்டு பக்க ஜன்னல்களும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் தள்ளித் திறக்க வரவேண்டும். உள்ளே புகை வந்தால் காற்றுக்கு வேறு வழி கிடையாது. திறக்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செப்டம்பர் இருபதாம் தேதி சனிக்கிழமை கடைசியாக வருவார். அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறார், ஆறு மாதம். முதலாளியின் அறுபதாம் கல்யாணமோ டிசம்பரில்.

அந்தப் பட்டியலைப் படித்த அன்று ஜனார்தனன் ஷெட்டில் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினார். "ஆஃப்டர் ஆல் ஒரு ஜன்னல்! இருநூத்துப் பத்து பேர் இருக்கேள், ஒரு ஜன்னலைத் திறக்கத் துப்பில்லை. யார் திறக்கிறாளோ, கான்ட்ராக்ட்காரா இருந்தாலும் சரி, மறு மாசமே பர்மனென்ட் ஆர்டர். போறுமா?"

நிரந்தரத் தொழிலாளர்கள் கொட்டாவி விட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வினோதா ஜன்னலின் கீழ்ச் சட்டத்தைப் பார்த்தாள். என்ன கோளாறு என்று அவளுக்கு முதலிலேயே தெரியும்.

விஷயம் இதுதான். விமானத்துக்கு ஜனார்தனன் தாமே பொட்டு வைப்பார், ஆபீஸ் ஆளிடம் விடமாட்டார். புதிதாக அடித்த வெண்ணெய் நிறப் பெயின்ட்டில் சந்தனக் கறை படக்கூடாது என்று அவருக்குக் கவலை. பெயின்ட் இல்லாத இடமாகத் தேடினார். நின்றவாக்கில் கைக்கு எட்டுகிற உயரத்தில் வெறும் அலுமினியமாக இருந்தது ஜன்னல் ஓடுகிற கீழ்ச் சட்டம் ஒன்றுதான். வலப்பக்கம் மூன்று பொட்டு, சுற்றிவந்து இடப்பக்கம் மூன்று பொட்டு. அந்தச் சட்டத்தின் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கம்பளிப் பட்டை. அதன்மேல்தான் ஜன்னலின் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வழுக்கி ஓடவேண்டும். சந்தனம் வழிந்து உள்ளே இறங்கியது. கம்பளி அதைக் குடித்தது. மேலே குங்குமம். மறுவாரம் மறுபடி சந்தனம். இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகள் அந்தப் பள்ளத்துக்குள் சிமென்ட்டாக இறுகி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். ஆனால் புரொடக்‌ஷன் மேனேஜர் முரளி குனிகிற ரகமில்லை. அவர் கமிட்டி போடுகிற ரகம். ஐந்து பேரை ஏசி அறையில் உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் மீன்முள் மாதிரி ஒரு படம் வரைந்தார். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு காரணம்: கடல் உப்புக் காற்று, வெயில் விரிவு, அலுமினியத் துரு, பழைய கம்பளி. பழவேற்காட்டில் மீனோடு பிறந்து வளர்ந்த வினோதா டீ கொடுக்க வந்தவளைப்போல எட்டிப் பார்த்து, இத்தனை முள் உள்ள மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பலகையில் சந்தனம் என்ற சொல் இல்லை. அந்த ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை அந்த விமானத்தின் முன்னால் கைகூப்பி நின்றவர்கள்தான்.

அதன்பின் வைத்தியம் நடந்தது. முதல் நாள் துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சினார்கள். சந்தனம் எண்ணெயைக் குடித்து இன்னும் கெட்டிப்பட்டது. இரண்டாம் நாள் ஹீட் கன்னால் சூடு காட்டினார்கள். மூன்றாம் நாள் ரப்பர் சுத்தியல். ஒருத்தன் தட்ட, இன்னொருத்தன் தள்ள, மூன்றாவது ஆள் "ஐசா" போட்டான். நான்காம் நாள் எண்ணெய்க் கறை போவதற்காகத் பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தகட்டைத் துடைத்தார்கள். அக்ரிலிக்குக்குத் தின்னர் விஷம். வலப்பக்கத் தகட்டின் மூலையில் நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடி வெளுத்துப்போனது. முரளி அதைப் பார்த்து, "ஏஜிங்" என்று சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கைத் தின்னரால் துடைக்கிறான் பார், என்று வினோதாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அன்று வீட்டில் கணவன் செங்கல்வராயனிடம்தான் கொட்டினாள். அவன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்டில் இருக்கிறான். குளித்துவிட்டுச் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"சந்தனம்னு தெரியிதில்ல, போய் சொல்றதுதான?"

"யாராண்ட சொல்றது? மொதலாளி கையால வெக்கிற பொட்டு. உன் பொட்டாலதான் கெட்டுச்சுன்னு நான் சொல்லட்டா?"

"சொன்னா இன்னா, தூக்குலயா போட்டுருவான்?"

"யோவ், கொயம்பு ஊத்திக்கினு துன்னு. ஒனக்கு இன்னா தெரியும் ஆபீஸ் பத்தி."

செங்கல்வராயன் சிரித்தான். "எங்கப்பன் மீன் புடிக்கிற போட்டுக்கு மூஞ்சிலதான்மே பொட்டு வெப்பாரு. இஞ்சின் பெல்ட்டுல கொண்டுபோய் வெப்பாரா? படிக்காத ஆளுக்கே அது தெரிஞ்சிது. ஒங்க ஆளுங்கோ கோட்டு போட்டுக்கினு சுத்துறானுங்கோ." ஒரு வாய் தின்றுவிட்டுக் கேட்டான்: "அக்டோபருக்கு அப்பால இன்னாமே பண்ணப் போற?"

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மறுநாள், புதன்கிழமை, முரளியின் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், அந்த ஜன்னலு நான் பாக்கட்டா?"

முரளி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீயா? நீ பாலிஷ் ஆச்சே."

"ஆமா சார். அதான் கேக்குறேன்."

"டெக்னிக்கல் டீமே பேஜாராயி உக்காந்துகினு இருக்காங்க. நீ போய் இன்னா பண்ணுவ?"

"ஒடைக்க மாட்டேன் சார். அதுக்குத்தான் டீம் இருக்குதே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஆளும் இல்லை. "நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் டைம். கிராக் ஆச்சுன்னா உன் கான்ட்ராக்டர்கிட்டதான் பேசுவேன்" என்றார்.

வினோதா முதலில் யேசுதாசுக்குப் போன் போட்டாள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டாள். பட்டியல் கொடுத்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். யேசுதாஸ், "தண்ணி, துளி சோப்பு. வேற எதுவும் வேண்டாம்மா. பட்டை நான் குடுத்துட்டுப் போன பார்சல்ல இருக்கு, ஸ்டோர்ல கேளு" என்றார். ஸ்டோரில் அந்தப் பார்சல் பிரிக்கப்படாமல் இருந்தது.

தகடுகளின்மேல் காகிதம் ஒட்டி மறைத்தாள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, பள்ளத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் போனவர்கள், "இன்னாக்கா, ஏரோப்ளேனுக்கு குளுகோஸ் ஏத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி சொட்டு. மறுபடி சும்மா இருத்தல். முரளி இரண்டுமுறை வந்து பார்த்து, அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு திருப்தியோடு போனார்.

மதியத்துக்கு மேல் மூங்கில் குச்சியை உளிபோலச் சீவி, பள்ளத்தின் கோடியிலிருந்து நெம்பினாள். முதல் கட்டி வெளியே வந்தது. விரல் நீளம், கல் மாதிரி. மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காக இருந்தது. நுனியில் இன்னும் வாசனை வந்தது. அதைத் தன் டிபன் டப்பா மூடியில் வைத்தாள். புதன் முழுவதும் இடப்பக்கம், வியாழன் முழுவதும் வலப்பக்கம். பழைய கம்பளியைத் துண்டு துண்டாக உரித்து எடுத்தாள். பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்துப் புதுப் பட்டையை ஒட்டினாள். வியாழன் ஐந்து மணிக்கு விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். ஜன்னல் சத்தமில்லாமல் ஓடி நின்றது. வலப்பக்க மூலையில் வெடிப்பு இருந்தது, ஆனால் அதுவும் ஓடியது.

முரளி பத்துமுறை திறந்து மூடிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வந்து, உடனே கணக்குப் போடுகிற களை வந்தது. டப்பா மூடியில் இருந்ததைப் பார்த்தார்.

"இத குப்பைல போடு."

"இதான சார் காரணம்?"

"காரணம் டஸ்ட். ரிப்போர்ட்ல டஸ்ட்னு எழுதியாச்சு. டெக்னிக்கல் டீம் கைடன்ஸ்ல கிளீனிங் நடந்துச்சு. நீயும் இருந்தன்னு எழுதறேன், கவலப்படாத."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை சார்."

"அதுக்கு?"

"அய்யா மறுபடி சந்தனம் வெப்பாரு. புதுப் பட்டை, நல்லா குடிக்கும். மறுநாள் காத்தால யேசுதாஸ் சார் வந்து தள்ளுவாரு. நகரல்லன்னா யாரு பேரு ரிப்போர்ட்ல இருக்கும்? டீம் பேரா, என் பேரா?"

முரளி கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஒரு நாள் சந்தனத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

"நீங்க சொல்லுங்களேன் சார் அவராண்ட."

"நானா? விளையாடுறியா? அவங்க வீட்ல பெருமாளுக்கு அரைச்ச சந்தனம்மா அது. உனக்கு ஆர்டர் வேணுமா வேணாமா? வாய மூடிக்கினு இரு."

மீஞ்சூர் ரயிலில் நின்றுகொண்டே வந்தாள் வினோதா. இருபது வருடப் படிப்பு, கார், கம்பெனி போன், இத்தனையும் இருக்கிற ஒரு மனிதனுக்கு, "சார், அங்கே வேண்டாம், இங்கே வையுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆளை நினைத்தபோது கோபம் வரவில்லை. காலில் மிதித்ததைக் கல்லில் தேய்த்துவிட்டுப் போகிற உணர்ச்சிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரை. ஷெட் நாலில் முப்பது பேர் நின்றார்கள். ஜனார்தனன் பட்டு வேட்டியில், நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணோடு, வெள்ளிக் கிண்ணம் ஏந்தி வந்தார். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பேஷ், பேஷ். முரளி, சாதிச்சுட்டேளே!" முரளி அடக்கமாகத் தலை குனிந்தார். ஜனார்தனன் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுச் சட்டத்தை நோக்கி நீட்டினார்.

அங்கே ஒரு கை இருந்தது. வினோதா சட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்திருந்தாள்.

"கையை எடும்மா."

"எடுக்க மாட்டேன் சார்."

முரளி, "ஏய் வினோதா, இன்னா பண்ற, இப்பால வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், இங்க வெச்சா மறுபடி மாட்டிக்கும். நாளைக்கு அவரு வந்து தள்ளுனா நகராது." இன்னொரு கையில் இருந்த டப்பா மூடியை நீட்டினாள். "இதான் உள்ள இருந்துச்சு."

ஜனார்தனன் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். "என்ன இது?"

"ரெண்டு வருசத்து வெள்ளிக்கெழமைங்க சார்."

மூலையில் சாம்பிராணி புகைந்தது. ஜனார்தனன் முரளியிடம் திரும்பினார். "உமக்குத் தெரியுமா?"

"சார், பேசிக்கலி டஸ்ட் இன்..."

"தெரியுமா, தெரியாதா?"

"லைட்டா ஒரு டவுட்டு இருந்துச்சு சார்."

ஜனார்தனன் அவரை விட்டுவிட்டு வினோதாவைப் பார்த்தார். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்து தெரியும் சார்."

"ரெண்டு வருஷம். ஒரு நாள் வாயைத் திறக்கலையே நீ?"

"யாரும் கேக்கலையே சார்" என்றாள் வினோதா.

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதில் விழுந்தது. முரளியின் வாயிலிருந்து வரவேண்டிய பதில் அது. அதே குழைவு, அதே ஒதுங்கல். பத்தொன்பது வருடங்களாகச் சனிக்கிழமை சனிக்கிழமை துடைத்துவிட்டு மற்றவர்களை மாடு என்று நினைத்துக்கொண்டிருந்தவள், தானும் அதே தொழுவத்தில்தான் நின்றிருக்கிறாள். முகம் சுட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"அப்போ எங்கதான் வைக்கச் சொல்றே?" என்றார் ஜனார்தனன். குரலில் எரிச்சல் இருந்தது. கேள்வி நிஜமாகவே கேள்வியாகவும் இருந்தது.

அவள் கீழே காட்டினாள். விமானம் உருண்டு போகாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை. அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முட்டி மடக்க முடியாமல் முனகியபடி குனிந்து, கட்டைக்கு மூன்று பொட்டு வைத்தார். எழுந்திருக்கும்போது முரளி கைகொடுக்க வந்தார். ஜனார்தனன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்து எழுந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு யேசுதாஸ் வந்தார். வணக்கம் சொன்னவர்களுக்குத் தலையசைத்தபடியே போய் விமானத்தில் உட்கார்ந்து, இடது ஜன்னலைத் தள்ளினார். ஓடியது. வலது ஜன்னலைத் தள்ளினார். ஓடியது. மூலை வெடிப்பைத் தடவிப் பார்த்து, "தின்னர் போட்டது யாரு?" என்று கேட்டார். கமிட்டியின் ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். இந்தத் தகடு மாற்றின பிறகுதான் பறக்கலாம், ஆனால் மாற்றுத் தகடு என்னிடம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன், போட்டபின் வீடியோவில் பார்க்கிறேன், லைசென்ஸ் உள்ள என் நண்பர் வந்து கையெழுத்திடுவார் என்றார். பதினேழாவது வரியில் இடப்பக்கத்துக்கு மட்டும் டிக் போட்டார். "வலப்பக்கம் இந்தம்மாவே போடட்டும். வேற யாரும் தொட வேண்டாம்" என்று பட்டியலில் எழுதியும் வைத்தார்.

ஆர்டர் திங்கட்கிழமை வந்தது. ஜனார்தனன் சொன்ன வார்த்தையை மீறவில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் வினோதா நிரந்தரத் தொழிலாளி, சீனியர் பாலிஷர். செங்கல்வராயன் அதை இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டான். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம், கூடுதல் பொறுப்பு என்ற தலைப்பில், முரளியின் கையெழுத்தோடு ஒரு பத்தி இருந்தது.

"இன்னாமே, முழிக்கிற?"

"பிரச்சினைய சொன்னவ தலையிலயே கட்டிட்டானுங்கோ" என்றாள் வினோதா.

அக்டோபரிலிருந்து வெள்ளிதோறும் அவள் முக்கால் மணி நேரம் முன்னதாக வேலைக்கு வர வேண்டும். நாற்பத்திரண்டு மெஷின்களுக்கும் ஒரு விமானத்துக்கும் இனி சந்தனம் வைப்பது அவள் வேலை.